தங்கிடம் எண் ஒன்று

படகின் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டதற்காக ஒரு மனிதனை மேடையில் ஏற்றி, கைகுலுக்கி, கண்ணாடிச் சட்டம் போட்ட படம் கொடுப்பார்கள் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அவசரம் அன்றைக்குத் துவைத்த சட்டையாவது போட்டுக்கொண்டு கடலுக்குப் போயிருப்பான்.

அவசரம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. அவர்கள் வைத்த பேர் லைசென்ஸில் மட்டும் இருக்கிறது. டீ சுடுகிறதா என்று விழுங்கிய பிறகு யோசிக்கிற ஆள் அவன். அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, என் செருப்பைக் காணோம் என்று அந்த அடுத்தவனிடமே சண்டை போடுவான். படகுத்துறையில் எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவன் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுக்கு ஐஸ் பேக்டரியில் பாளம் இழுக்கிற வேலை. கையில் எந்நேரமும் இரும்புக் கொக்கி இருப்பதால் அவள் எப்படிக் கூப்பிட்டாலும் அவன் என்ன என்று கேட்டுக்கொள்வான்.

படகில் பாதி அவனுடையது, பாதி மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இன்ஜின் பராமரிப்பு மச்சான் பக்கம், சுக்கான் பிடித்து ஓட்டுவது இவன். எந்தப் பாதி முழுகினாலும் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது.

சம்பவம் நடந்த அன்று கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. திரும்பி வரும் வழியில், பின்பக்கத்தில் நீண்டு மிதந்த கயிற்றை மச்சான் உள்ளே இழுத்து முடிப்பதற்குள் அவசரம் இன்ஜினை முடுக்கிவிட்டான். கயிறு போய், அடியில் படகைத் தள்ளுகிற விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் இருமி, செருமி, நின்றது. படகு அப்படியே நகர்ந்து நகர்ந்து பல்லுப் பக்கம் போனது.

பல்லு என்பது கரைக்கு எதிரே, சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில், தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பாறை வரிசை. நீர் வற்றினால் கறுப்பாக, கோணல்மாணலாக வெளியே தெரியும். மூன்று பக்கமும் திறந்த கடல். புத்தி பேதலித்தவன்கூட அங்கே நங்கூரம் போட மாட்டான். அவசரம் போட்டான், வேறு வழியில்லை. கட்டி இழுக்க ஒரு படகு வந்தது. வேடிக்கை பார்க்க இன்னொரு படகு வந்தது. மச்சான் கத்தியை வாயில் கடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்துக் கயிற்றை அறுத்தான். மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம் கத்தியை எடுத்துவிட்டு இவனைத் திட்டினான். இவனும் திட்டினான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு செயற்கைக்கோள் போனது. அது யாரையும் திட்டவில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

*

புயல்காலப் படகுத் தங்கிட வான்வழிக் கண்டறிதல் ஆணையம் என்று ஓர் ஆபீஸ் அந்த ஊரில் இருந்தது. பேரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்களை மட்டும்தான் அங்கே வேலைக்கு எடுப்பதாகப் பேச்சு. மற்றவர்களுக்கு அது வானத்து ஆபீஸ். முந்திய புயலில் நேரத்தோடு ஒதுங்காத நாலைந்து படகுகள் உடைந்தன. அடுத்த புயலுக்குப் படகுகளை எங்கே நிறுத்துவது என்று வானத்திலிருந்து பார்த்துச் சொல்ல இந்த ஆணையத்தை ஆரம்பித்தார்கள்.

எங்கே நிறுத்துவது என்பது அதுவரை ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. ஆற்றுமுகத்திலிருந்து பிரிந்து உள்ளே வளைந்து போகிற கால்வாய் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரை, அதற்கு மேல் அடர்ந்த மரம். வெளியே கூரை பறந்தாலும் உள்ளே தண்ணீர் சலசலக்காது. காற்று கிளம்பினால் எல்லாப் படகும் அங்கேதான் போகும். ஆணையம் வந்த கையோடு அந்தக் கால்வாய்க் கரையில்தான் கட்டடம் கட்டியது. ஆணையத்துக்கு ஒரு வெள்ளை லாஞ்ச் கொடுத்திருந்தார்கள். அதன் பாதுகாப்புக்காகக் கால்வாயின் வாய்க்குக் குறுக்கே ஒரு சங்கிலி போட்டு, காவலாளி ஒருவரை நிறுத்தி, அந்நியப் படகுகள் நுழையக் கூடாது என்று பலகை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு புயல் வரவில்லை. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் ஆணையத்தின் பியூன் சைக்கிளில் வந்து, அவசரத்தை இயக்குநர் கூப்பிடுகிறார் என்றார். "என்ன செஞ்ச?" என்று மனைவி கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. அண்ணனையும் துணைக்கு அனுப்பினாள்.

ஆபீஸ் அறை குளுகுளுவென்று இருந்தது. மீன் கெடாமல் வைக்கலாம் என்று மச்சான் காதோடு சொன்னான். சுவர் முழுக்க வெள்ளைத் திரை. அதில் நீலமாக ஒரு படம், படத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். கண்ணாடி போட்ட பட நிபுணர் அம்மா நீளக் குச்சியால் ஒரு புள்ளியைத் தொட்டார்.

"இது உங்க படகுதானே?"

"அரிசி மாதிரி இருக்குது மேடம்."

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். புள்ளி பெரிதானது.

"இப்ப புழு வெச்ச அரிசி மாதிரி இருக்குது" என்றான் மச்சான்.

தேதியையும் நேரத்தையும் சொன்னதும் அவசரத்துக்கு வியர்த்தது. அந்தக் குளிரிலும் வியர்த்தது. அபராதம் போடத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான். ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்த இயக்குநர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை பஞ்சு மாதிரி இருந்தது. அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று அவசரம் தன் கையைத் தளர்த்திக்கொண்டான்.

"எங்க ஆணையம் வந்ததுலேருந்து ஒரு தங்கிடத்தைத் தேடிட்டு இருக்கோம். நீங்க போய் நின்னு காட்டிட்டீங்க" என்றார் இயக்குநர்.

"சார், அது வந்து..."

"ஒரு படகு நின்னா அது தற்செயல். ரெண்டு நின்னா சந்தேகம். மூணு நின்னா அது பயன்பாடு. இதான் எங்க விதி. மூணு படகு ஒரே படத்துல ஒரே இடத்துல நின்னா அது தங்கிடம்."

"சார், நாங்க நிக்கல. கயிறு விசிறியில சுத்திக்கிச்சு. அதனாலதான் நின்னோம்."

இயக்குநர் குமாஸ்தா பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க. கயிற்றின் துணையோடு, பாரம்பரிய முறையில் படகை நிலைநிறுத்துகிறார்."

"ஐயோ, பாரம்பரியம் எல்லாம் இல்ல சார். அவசரத்துல நடந்துபோச்சு. நானும் மச்சானும் கெட்ட கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டு இருந்தோம்."

"எழுதிக்கோங்க. தங்கிடத்தில் நிற்கும்போது சில சொற்களை உரக்க உச்சரிக்கும் வழக்கமும் உண்டு."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பு வந்தால் அவன் அப்படித்தான் நிற்பான்.

"அந்த இடத்துக்கு நீங்க வெச்சிருக்கிற பேர் என்ன?"

"பல்லு சார். அடியில பூரா பாறை. படகு அடிச்சா மாவுதான்."

"பல்லு." இயக்குநர் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்தார். "அருமை. பல்லு எதுக்கு இருக்கு? கடிச்சுப் பிடிச்சுக்கத்தானே. படகை விடாம பிடிச்சுக்கும். இதையும் சேர்த்து எழுதுங்க."

அவசரத்துக்கு ஒன்று புரிந்தது. அவன் உண்மையைச் சொல்லச் சொல்ல அது மேலும் மேலும் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது. ஆனாலும் கேட்காமல் வர மனசு வரவில்லை. "மேடம், புயல் அடிச்ச அன்னிக்கு அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு படம் இருக்குதா?"

பட நிபுணர் இயக்குநரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "இருக்கு. ஆனா மேகம் மூடி முழுசா வெள்ளையா இருக்கும். அதெல்லாம் தரம் இல்லாத படம்னு தள்ளிடுவோம். வானம் தெளிவா இருக்கிற அன்னிக்கு எடுத்ததை மட்டும்தான் ஆய்வுக்கு எடுத்துப்போம்."

"அப்படிப் பார்த்ததுல ஒரு விஷயம் தெளிவாயிருக்கு" என்றார் இயக்குநர். "எங்ககிட்ட இருக்கிற எந்தப் படத்துலயும் அந்த இடத்துல புயல் அடிச்சதே இல்ல."

*

தங்கிடம் எண் ஒன்றின் திறப்பு விழாவை அந்த இடத்திலேயே நடத்துவதாகத்தான் முதலில் இருந்தது. லாஞ்ச் ஓட்டுநர் பல்லுப் பக்கம் போக மறுத்துவிட்டார். புதுப் பெயின்ட், உரசிவிடும் என்றார். அதனால் விழா ஆணையத்தின் மண்டபத்தில், திரையில் விழுந்த படத்துக்கு முன்னால் நடந்தது. திரைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இயக்குநர் கத்தரித்தார். நிழல் விழுந்ததில் கடல் பாதி இருண்டது. கைதட்டினார்கள்.

படகுக்காரர்களைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்ததால் எல்லோரும் வந்து, நாற்காலி நுனியில், எழுந்து ஓடத் தோதாக உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் பேசினார்.

"சிலர் கேட்கிறார்கள், அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று. நேரில் போகிறவன் ஒரு பக்கத்தைத்தான் பார்ப்பான். மேலிருந்து பார்ப்பவன் முழுவதையும் பார்ப்பான். இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து நான் கடலுக்குப் பக்கத்தில் போனதே இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். போனால் பாரபட்சம் வந்துவிடும். ஆணையத்தின் திறமைக்கு இந்தக் கட்டடமே சாட்சி. முதலில் நாங்கள் ஊர் நடுவில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் காகிதம் பறந்தது. எடை வைத்தோம், எடையும் பறந்தது. ஊர் முழுவதையும் ஆராய்ந்து, எப்பேர்ப்பட்ட காற்றடித்தாலும் ஒரு காகிதம்கூட அசையாத இடம் இந்தக் கால்வாய்க் கரை ஒன்றுதான் என்று கண்டுபிடித்தோம். உடனே நாங்கள் குடிவந்துவிட்டோம்."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். படகுச் சங்கத் தலைவர் தன் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவசரத்தை மேடைக்குக் கூப்பிட்டு, முதல் பயனாளி என்று சொல்லி, மூன்று அரிசி கிடக்கிற படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அவன் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் அவசரமாக இறங்கிவிட்டான். அடக்கம் என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் விளக்கினார்.

வீட்டில் அதற்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து பார்த்தாள். "நீ மாட்டிக்கிட்ட படத்தை நீயே மாட்டுறியா" என்றாள்.

அவள் சொன்னது வீண்போகவில்லை. மறுவாரமே பல்லுக்கு எதிரே கரையில் இருந்த வலைக்கொட்டகையை இடிக்க ஆள் வந்தார்கள். அது அவசரமும் மச்சானும் சேர்ந்து, தோள் தோலுரிய மரம் சுமந்து கட்டிய கொட்டகை. வந்தவர்கள் விதியைப் படித்தார்கள். தங்கிடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது. புயலில் கூரை பறந்து படகுகள்மேல் விழும். கட்டடம் யாருடையதாக இருந்தாலும் விதி பொருந்தும்.

மனைவி ஐஸ் கொக்கியோடு வந்து நின்றாள். இடிக்க வந்தவர்கள் அன்றைக்குத் திரும்பிப்போய், அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து இடித்தார்கள்.

"ஒரு நாள் நின்னதுக்கு ஒரு கொட்டகை போச்சு" என்றாள் அவள், சாயங்காலம், கிடந்த ஓட்டைத் தகரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே. "இன்னும் அரை நாள் நின்னிருந்தா ஊரே போயிருக்கும்."

*

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று காலையிலேயே ஆணையத்தின் உத்தரவும் வந்தது. எல்லாப் படகுகளும் தங்கிடம் எண் ஒன்றுக்குப் போய் நிற்க வேண்டும். முதல் பயனாளியின் படகு முன்னால் போக வேண்டும். வேறெங்காவது ஒரு படகு படத்தில் தென்பட்டால் லைசென்ஸ் ரத்து.

படகுத்துறையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். துறையிலேயே விட்டால் படகுகள் ஒன்றோடொன்று மோதியே நொறுங்கும். பல்லில் நிறுத்தினால் கட்டைகூட மிஞ்சாது. கால்வாயில் சங்கிலி. எல்லோரும் அவசரத்தைப் பார்த்தார்கள். அவன்தான் வேண்டுமென்றே போய் நின்றவன் மாதிரி பார்த்தார்கள்.

"என்னைப் பார்த்து என்னய்யா ஆகப்போவுது" என்றான். "வாங்க, போய்க் கேப்போம்."

அவனும் மச்சானும் சங்கத் தலைவரும் ஆபீசுக்குப் போனார்கள். வழியெல்லாம் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. கால்வாய்க் கரைக்கு வந்ததும் நின்றுவிட்டது. இயக்குநரின் மேசைமேல் காகிதங்கள் எடை இல்லாமலே சமர்த்தாகக் கிடந்தன.

"சார், அந்த இடத்துல நிறுத்தினா படகு ஒண்ணுகூட மிஞ்சாது" என்றார் தலைவர்.

"உங்க ஆளே போய் நின்ன இடம். நாங்களா கூப்பிட்டோம்?"

அவசரம் முன்னால் வந்தான். "சரி சார். நாங்க போறோம். உங்க லாஞ்ச்சும் எங்களோட வந்து பக்கத்துல நிக்கட்டும். அது நின்னா எங்களுக்கும் ஒரு தைரியம்."

இயக்குநருக்கு அதைக் கேட்டு உண்மையிலேயே அதிர்ச்சி. "லாஞ்ச் பொதுச்சொத்துப்பா. அதைக் கொண்டுபோய் ஆபத்தான இடத்துல நிறுத்த விதியில இடமில்லை."

பட நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அது எங்க நிக்கும் சார்?"

"இங்கதான். பழுது பார்க்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருக்கு. மத்தியானம் வந்துடும். சங்கிலியைத் திறந்து உள்ள விட்டுப் பூட்டிடுவாங்க."

மச்சான் கூரையைப் பார்த்தான். தலைவர் மெதுவாகக் கேட்டார். "நாளைக்குப் படம் எடுக்கும்போது மேகம் மூடியிருந்தா, யாரு எங்க நின்னாங்கன்னு எப்படி சார் தெரியும்?"

"தெரியாது. தெரியாத படகு விதியை மீறுச்சுன்னு சொல்ல முடியாது. நாங்க நியாயமா நடந்துக்கிறவங்க."

வெளியே வந்ததும் பட நிபுணர் பின்னாலேயே வந்தார், எச்சில் டம்ளரைக் கழுவ வருகிறவர் மாதிரி. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாளைக்கு முன்பகல்ல ஒரு படம் விழும். அதுக்குள்ள வானம் தெளிஞ்சாலும் தெளியும்." டம்ளரைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானம் வெள்ளை லாஞ்ச் ஆற்றுமுகத்தில் நுழைந்தபோது அதன் பின்னால் ஒரு படகு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கண்ணுக்கு எட்டின தூரம்வரை படகுகள், கல்யாண வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் கிளம்பி வருகிற மாதிரி வந்தன. காவலாளி லாஞ்ச்சுக்காகச் சங்கிலியை இறக்கினார். லாஞ்ச் நுழைந்தது. அவசரத்தின் படகும் நுழைந்தது.

"ஏய், ஏய், பலகையில எழுதியிருக்கிறது தெரியல?"

"படிக்கத்தான் கிட்ட வரோம்" என்றான் மச்சான்.

"இது எங்க போவுது எல்லாம்?"

"லாஞ்ச்சுக்குப் பாதுகாப்புண்ணே. பொதுச்சொத்துல்ல" என்றான் அவசரம்.

காவலாளி யோசித்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு படகுகள் உள்ளே போய்விட்டன. மீதியைத் தடுத்தால் ஏன் முந்தியவற்றை விட்டாய் என்று கேட்பார்கள் என்று தோன்றியதோ என்னவோ, அவர் குடையை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். தவிர, கடைசியில் வந்த படகு அவருடைய தம்பியுடையது.

இடம் போதவில்லை. வந்தவை எல்லாம் உள்ளே தள்ளிப்போக வழிவிட்டு, அவசரம் தன் படகை வாய்ப் பக்கமே ஒதுக்கிக் கட்டினான். காலையில் முதல் ஆளாக வெளியேற வேண்டியது அவன்தான் என்று முடிவானது. அவன் வெளியேறினால்தான் மற்றவர்கள் வெளியேற முடியும்.

புயல் வந்தது. வெளியே கடல், சுவரை இடிக்கிற மாதிரி இடித்தது. மரங்களின் தலை பேயாடியது. கீழே படகுகள் ஒன்றையொன்று உரசி முனகின, அவ்வளவுதான். அவசரம் படகின் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே படுத்திருந்தான், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. மச்சான் அதைப் பார்த்தும் கிண்டல் செய்யவில்லை. அவன் கையும் இன்ஜின்மேல்தான் இருந்தது.

*

விடிந்தபோது காற்று ஓய்ந்திருந்தது. மேகம் இன்னும் மூடிக்கிடந்தது, ஆனால் கிழக்கே ஓரத்தில் கிழிய ஆரம்பித்திருந்தது. அதற்குள் எல்லாப் படகும் கால்வாயை விட்டுப் போய்விட வேண்டும்.

"சீக்கிரம், சீக்கிரம்" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

அவசரத்தைப் பார்த்துச் சீக்கிரம் என்று சொல்லக் கூடாது. அது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு எல்லோரும் மறந்துவிட்டார்கள். மச்சான் பின்கயிற்றை அவிழ்த்து, உள்ளே இழுக்க ஆரம்பித்தான். பாதிதான் வந்திருக்கும். அவசரம் இன்ஜினை முடுக்கினான்.

இன்ஜின் இருமியது. செருமியது. நின்றது.

படகு மெல்லத் திரும்பி, கால்வாயின் வாய்க்குக் குறுக்கே, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி நின்றது.

பின்னால் இருந்த இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் அச்சில் ஏறக்கூடியது எதுவுமில்லை. மச்சான் மட்டும் கத்தியை வாயில் கடித்துக்கொண்டு குதித்தான். ஈரக் கயிறு, புதுக் கயிறு, இறுகப் பிடித்துக்கொண்டது. அவன் முங்கி முங்கி அறுத்துக்கொண்டிருக்கும்போதே படகின்மேல் வெயில் விழுந்தது. அவசரம் நிமிர்ந்து பார்த்தான். நீலம், துடைத்துவிட்ட மாதிரி. அவனுக்கு அந்த நிறமே பிடிக்காமல் போனது.

"சிரிங்கப்பா எல்லாரும்" என்றார் சங்கத் தலைவர். "போட்டோ எடுக்குறாங்க."

அன்று மாலை பல்லுப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். தங்கிடம் எண் ஒன்று, படகுகளுக்குப் பாதுகாப்பானது என்று எழுதி மிதக்கவிட்டிருந்த பலகை துண்டுதுண்டாகக் கரையில் கிடந்தது. பாதுகாப்பானது என்கிற துண்டு பெரிதாக இருந்ததால் மச்சான் அதை எடுத்துவந்து இன்ஜினுக்கு மூடியாகப் போட்டுக்கொண்டான். ஆனால் லைசென்ஸ் போனால் இன்ஜின் எதற்கு, மூடி எதற்கு. படகு பிழைத்து, பிழைப்பு போய்விட்டது என்று இரண்டு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். மனைவி அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

பியூன் சைக்கிளில் வந்தார்.

*

இந்தத் தடவை இயக்குநர் கைகுலுக்கவில்லை. திரையில் படம் இருந்தது. வளைந்து போகிற பச்சை, நடுவில் மெல்லிய கோடாகத் தண்ணீர், தண்ணீர் முழுக்க அரிசி. மூட்டை கிழிந்து சிந்தின மாதிரி. அரிசிக்குப் பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சதுரம்.

"அந்தச் சதுரம் என்ன மேடம்?" என்று மச்சான் கேட்டான்.

"நம்ம தலைக்கு மேல இருக்கிற கூரை" என்றார் பட நிபுணர். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "மூணு படகு நின்னா தங்கிடம். இங்க நின்னதை எண்ணி முடிக்கவே ரெண்டு தடவை ஆச்சு. கணினி தானா வட்டம் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்பிடுச்சு. அவங்க அங்கீகாரம் கொடுத்துட்டாங்க. தங்கிடம் எண் ரெண்டு. இயக்குநரைப் பாராட்டியும் எழுதியிருக்காங்க."

"அத்துமீறல்" என்றார் இயக்குநர்.

"படத்துல அத்துமீறல் தெரியாது சார். பயன்பாடுதான் தெரியும். தங்கிடத்துல நின்னவங்க லைசென்ஸை ரத்து பண்ணவும் முடியாது."

இயக்குநர் நாற்காலியை இழுத்து அவசரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டீ வரவழைத்தார். முன்னெப்போதும் இல்லாத கனிவோடு பேசினார்.

"தங்கிடம்னா கூப்பிடு தூரத்துல கட்டடம் இருக்கக் கூடாது. விதி. நான் எழுதின விதிதான். யார் கட்டடமா இருந்தாலும் பொருந்தும்னு வேற எழுதித் தொலைச்சிருக்கேன். அதை விடு. நீ முதல் பயனாளி. நீ ஒரு வார்த்தை சொன்னா, தற்செயல்னு நான் மேல எழுதி இந்தத் தங்கிடத்தை ரத்து பண்ணிடுவேன். உண்மையைச் சொல்லுப்பா. நீ அங்க வேணும்னு நிக்கலதானே? கயிறு விசிறியில சுத்திக்கிச்சுதானே?"

அவசரம் வாயைத் திறந்தான். மூடினான். மச்சானைப் பார்த்தான். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது இன்னும் எத்தனை நாளைக்கு அங்கே இருக்கும் என்று கணக்குப் போடுகிறவன் மாதிரி.

அவசரம் டீயை எடுத்தான். ஊதினான். ஆறட்டும் என்று கீழே வைத்தான். அவன் பிறந்ததிலிருந்து ஒரு டீயை ஆறவிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"இல்ல சார். கயிற்றின் துணையோடு, பாரம்பரிய முறையில் படகை நிலைநிறுத்தினேன்."

குமாஸ்தா பழக்கதோஷத்தில் எழுதிக்கொண்டார்.

"சில சொற்களையும் உரக்க உச்சரிச்சோம்" என்றான் மச்சான். "இந்தத் தடவை எல்லாப் படகுலேருந்தும்."

*

சாமான்களை ஏற்றுகிற வேலைக்குப் படகுக்காரர்களைத்தான் கூப்பிட்டார்கள். மேசை, பீரோ, குளிர்பெட்டி, சுருட்டின திரை. கனத்த சாமான் எல்லாவற்றையும் அவர்கள் மூச்சு வாங்காமல் தூக்கிப் போட்டார்கள். சங்கிலியை அவிழ்க்கும்போது காவலாளி தானே வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

வானத்து ஆபீஸ் இப்போது படகுத்துறையில், ஐஸ் பேக்டரிக்கு எதிர் மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் காகிதம் பறக்கிறது. கீழே பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்கிறவர்களுக்கு இயக்குநர் நன்றி சொல்கிறார். கடலை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார வேண்டியிருப்பதால் பாரபட்சம் வந்துவிடாமலிருக்க அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் திரை போட்டிருக்கிறார்.

படத்தில் ஒரு படகுகூடத் தெரியாததால் தங்கிடம் எண் ஒன்று ரத்தானது. வலைக்கொட்டகையை அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். கடைசித் தகரத்தை அடித்துவிட்டு அவசரம் ஏணியிலிருந்து இறங்கும்போது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"அடுத்து எங்க போய்க் கயிறைச் சுத்திக்கப் போற?"

"ஏன்?"

"முன்னாடியே சொல்லிடு. நம்ம வீட்டுப் பக்கம்னா நான் பாத்திரத்தையாவது எடுத்து வெச்சுக்கணும்."